தூத்துக்குடியில ரூம் போடப் போறீங்களா? முதல்ல எதுக்கு வர்றீங்கன்னு சொல்லுங்க பாஸ்!

இன்-பிளான்ட் ட்ரெய்னிங், சிம்போசியம், வேலைக்கு இன்டர்வியூ, கிளாஸ்மேட் அக்கா கல்யாணம், பனிமய மாதா திருவிழா... எந்தக் காரணத்தைச் சொல்லி நீங்க எங்க ஊருக்குக் கிளம்பினாலும் முதல் கேள்வி ஒண்ணுதான். 'எங்க தங்குறது?'

உடனே மொபைலை எடுத்து 'தூத்துக்குடி, துறைமுகம் பக்கத்துல'னு தேடுவீங்க. நாலு ரூம் வரும். அதுல எது சீப்போ அதைத் தட்டிருவீங்க. சிக்கல் அங்கதான் ஆரம்பம். ஏன்னா, எங்க ஊர்ல துறைமுகம் ஒண்ணு இல்ல... ரெண்டு!

ரெண்டு துறைமுகம், ஒரு குழப்பம்

பழைய துறைமுகம் ஊருக்குள்ள, பீச் ரோட்டுலயே இருக்கு. அங்க கடல் ஆழம் கம்மி. அந்தக் காலத்துல பெரிய கப்பல் எல்லாம் கரைக்கு வர முடியாம, பல கிலோமீட்டர் தள்ளி நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். தோணிங்கதான் சரக்கை ஏத்தி இறக்கும். இன்னைக்கும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏத்திக்கிட்டு தோணி கிளம்புறது இங்க இருந்துதான்.

புதுத் துறைமுகம் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கு. கடலுக்குள்ள சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி ரெண்டு அலைதடுப்புச் சுவர் எழுப்பி, நடுவுல ஆழப்படுத்தி உருவாக்கினது. (சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, வாயைப் பிளந்து பாருங்க!) 1974 ஜூலை 11-ல் இது நாட்டின் பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணா அறிவிக்கப்பட்டுச்சு. 1979 ஏப்ரல் 1-ல் பழசும் புதுசும் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ வந்துச்சு. 2011-ல் வ.உ.சிதம்பரனார் பேரை வச்சாங்க.

கப்பல் பெருசாக ஆக துறைமுகம் ஊரை விட்டு வெளியே போறது உலகம் பூரா நடக்குற கதைதான். மும்பையில பழைய டாக்ஸ் ஊருக்குள்ள இருக்க, கன்டெய்னர் கப்பலுக்காக 1989-ல் கடலுக்கு அந்தப் பக்கம் நவசேவா வந்துச்சு இல்லையா? அதே மாதிரிதான்.

ரெண்டு துறைமுகத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 8 கிலோமீட்டர். இப்ப ஒரு சின்னக் கணக்கு. ட்ரெய்னிங் 15 நாள். ஆட்டோவுக்கு ஒரு தடவை 200 ரூபாய்னு வச்சுக்கங்க. போக வர 400. பதினஞ்சு நாளைக்கு 6,000. ரூம்ல மிச்சம் பிடிச்ச காசு எங்க போச்சுன்னு இப்ப புரியுதா? 'துறைமுகம் பக்கத்துல'னு எழுதியிருந்தா எந்தத் துறைமுகம்னு போன் போட்டுக் கேளுங்க. இந்த ஒரு போன் காலே பாதி காசை மிச்சப்படுத்தும்.

முத்துக்குளிச்சவங்க வச்ச ரூல்

'எந்த ஏரியா பெஸ்ட்?'னு கேட்டா, ஒரே ஏரியாவைச் சொல்லி முடிக்க முடியாது. எங்க ஊர்ல இதுக்கு ஒரு பழைய ரூல் இருக்கு. சொல்றேன் கேளுங்க.

மன்னார் வளைகுடாவுல முத்துச்சிப்பி படிஞ்சு கிடக்குற கடல் தரைக்குப் 'பார்'னு பேரு. எல்லா வருஷமும் எல்லாப் பார்லயும் சிப்பி விளையாது. சர்க்கார் சோதிச்சுப் பார்த்து, இந்த வருஷம் இந்தப் பார்ல முத்துக்குளிப்புன்னு அறிவிக்கும். உடனே அதுக்குப் பக்கத்துக் கரையில ஓலைக் கொட்டகையும் கூடாரமுமா ஒரு ஊரே முளைச்சிரும். குளிக்கிறவங்க, சிப்பியை ஏலம் எடுக்குற வியாபாரிங்க, சோத்துக்கடை, போலீஸ், டாக்டர்னு எல்லாரும் அங்கதான். குளிப்பு முடிஞ்சா ஊரும் கலைஞ்சிரும். அடுத்த தடவை வேற பார்னா கூடாரம் வேற கரையில.

ரூல் இதுதான். எதுக்கு வந்தோமோ அதுக்குப் பக்கத்துல கூடாரம் போடு!

எங்க கடல்ல கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதனால 'முத்துக்குளிக்கிறதைப் பார்க்கணும், கடற்கரைப் பக்கம் ரூம் கிடைக்குமா?'னு கேட்டு யாரையும் சிரிக்க வைக்காதீங்க. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க செயற்கையா முத்து வளர்த்துக் காட்டினது தனிக் கதை. இன்னைக்கு மூச்சைப் பிடிச்சு மூழ்குற வேலைன்னா அது சங்கு எடுக்குறதுதான். அந்தச் சங்கு மேற்கு வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பொண்ணுங்களுக்கு வளையலா மாறுது.

ஊரை ஒரு தடவை மனசுல வரைஞ்சுக்கங்க

கிழக்கே கடல். கடலை ஒட்டி பீச் ரோடு. அதுல பழைய துறைமுகம், பனிமய மாதா கோயில், தெற்கே ரோச் பூங்கா, முத்துநகர் பீச். வடக்கே திரேஸ்புரம். மேற்கே நீளமா பாளை ரோடு. அதுல மூணாம் மைல், அப்புறம் கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீஸ், இன்னும் போனா வாகைக்குளம் ஏர்போர்ட். அங்க 2025 ஜூலை 26-ல் புது டெர்மினல் திறந்தாங்க. தெற்கே திருச்செந்தூர் ரோடு. அதுல முத்தையாபுரம், ஸ்பிக் நகர், ரெண்டு பக்கமும் உப்பளம்.

இதுல ரயில்வே ஸ்டேஷன் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? கடலுக்குப் பக்கத்துல. 1876-ல் ரயில் இங்க வந்ததே கப்பலுக்காகத்தான். சென்னையில ரயில் ஏறி, தூத்துக்குடியில இறங்கி, கப்பல் பிடிச்சு கொழும்பு போற 'போட் மெயில்' ரூட் இது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த ரூட் தனுஷ்கோடிக்கு மாறிடுச்சு. ஆனா ஸ்டேஷன் இடம் மாறலையே! அதனாலதான் இன்னைக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல காலங்காத்தால வந்து இறங்குறவங்க, இருபது நிமிஷம் நடந்தா கடலைப் பார்த்துடலாம். இந்த வசதி எத்தனை ஊர்ல இருக்கு, சொல்லுங்க?

சரி, ஏரியா ஏரியாவா ஒரு ரவுண்டு போவோமா?

1. ஸ்டேஷன் – வி.இ. ரோடு – டபிள்யூ.ஜி.சி. ரோடு – பழைய பஸ் ஸ்டாண்ட்

முதல் தடவை வர்றீங்க, ரெண்டு நாள் ஊரைச் சுத்தணும், பட்ஜெட் டைட்... கண்ணை மூடிக்கிட்டு இங்க ரூம் போடுங்க. 'ஜி.சி.'ன்னா கிரேட் காட்டன். உள்நாட்டுக் கரிசல்ல விளைஞ்ச பருத்தி கப்பலுக்குப் போன வழி அது. கிரேட் காட்டன் ரோட்டுலயே டச்சுக்காரங்க 1750-ல் கட்டின பரிசுத்த திரித்துவ ஆலயம் நிக்குது. சிவன் கோயில், பெருமாள் கோயில், மார்க்கெட் எல்லாமே நடக்குற தூரம்தான்.

சாப்பாட்டுக்கும் பஞ்சமே இல்ல. முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை... இந்த மூணுல கூம்பு கூம்பா செய்யுற மக்ரூன் வாங்காம இந்த ரோட்டைத் தாண்டினா அது பாவம். அப்புறம், போர்டுல 'நைட் கிளப்'னு எழுதியிருக்கும். டிஸ்கோ லைட், டி.ஜே.ன்னு கற்பனை பண்ணிக்கிட்டு டிரெஸ் மாத்திட்டு போகாதீங்க. எங்க ஊர்ல 'நைட் கிளப்'னா புரோட்டா கடை! பொரிச்ச புரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தினா... சரி சரி, மேட்டருக்கு வருவோம்.

மைனஸ்? சத்தம். பழைய பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல புதுசா கட்டிட்டாங்க, ஆனா ஹாரன் பழசேதான். ரோட்டைப் பார்த்த ரூம் வேணாம், பின்பக்கம் கொடுங்கன்னு கேட்டு வாங்குங்க.

2. பீச் ரோடு

'ஸீ வியூ'னு ஆசைப்படுறவங்களுக்கு ஒரு சின்ன வார்த்தை. இது கோவளம், கோவா மாதிரி இல்ல. இது வேலை செய்யுற கடற்கரை. திரேஸ்புரத்துல நாட்டுப்படகு, சங்கு. தெற்கே மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகு. காலை 5 மணிக்குப் போற விசைப்படகுங்க ராத்திரிதான் திரும்பும், அப்பதான் ஏலம். மீன் வாசனை, ஐஸ் வண்டி, டீசல் சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் எங்க ஸீ வியூ. அது பிடிக்கும்னா அருமையான இடம். ஆனா ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். ஏலம் பார்க்கவே வர்றவங்க அந்த 61 நாளைத் தவிர்த்துருங்க.

திரேஸ்புரம், இனிகோ நகர் பக்கம் போனா ஒரு ரிக்வெஸ்ட். அது ஜனங்க குடியிருக்குற தெரு. வலை பின்னிக்கிட்டு இருக்கிறவரைக் கேட்காம மொபைலை நீட்டாதீங்க. "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் "எடுத்துக்கோ தம்பி"னு சொல்லிட்டு, இன்னைக்குப் பட்ட மீனைப் பத்தி அவரே அரைமணி நேரம் பேசுவார்.

திருவிழா டிப்ஸ்: பனிமய மாதா கோயில்ல ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 பெருவிழா. இந்தக் கோயில் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது, 1982-ல் பசிலிக்கா ஆச்சு. இந்த நாட்கள்ல பீச் ரோடு பக்கம் கடைசி நேரத்துல ரூம் தேடுறது கானல் நீரைத் துரத்துற வேலை. தங்கத்தேர் ஓடுற வருஷம்னா கேட்கவே வேணாம். 2023-ல் ஓடினப்ப ஊரே ஒரு ரோட்டுல நின்னுச்சு. முன்னாலயே புக் பண்ணுங்க, இல்லைன்னா மேற்கே தங்கிட்டு பஸ்ல வாங்க.

3. பாளை ரோடு, மூணாம் மைல், புது பஸ் ஸ்டாண்ட் பக்கம்

மெடிக்கல் காலேஜ், கலெக்டர் ஆபீஸ், ஏர்போர்ட்... இதுல எங்க வேலைன்னாலும் மேற்கே தங்குங்க. ரூம் புதுசா இருக்கும், பார்க்கிங் இருக்கும், லிஃப்ட் இருக்கும். சில்லாநத்தம் சிப்காட்ல 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்த வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு இன்டர்வியூன்னு கிளம்புற மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ ஆளுங்களுக்கும் இந்தப் பக்கம்தான் வசதி. காலையில ஊரைக் குறுக்கே கடக்க வேண்டாம் பாருங்க.

மதுரை, சென்னைன்னு தூரத்து பஸ் வந்து நிக்கிறது புது பஸ் ஸ்டாண்ட். டவுன் பஸ்ஸுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட். டிக்கெட்ல எந்த ஸ்டாண்டுன்னு பார்த்துட்டு இறங்குங்க. மைனஸ்... இங்க மட்டுமே தங்கிட்டுத் திரும்பினா, கடல் இருக்குற ஊருக்கு வந்ததே மறந்துபோகும்!

4. முத்தையாபுரம், ஸ்பிக் நகர், தெர்மல் பக்கம்

புதுத் துறைமுகம், ஸ்பிக், 210 மெகாவாட் யூனிட் அஞ்சு வச்சுக் கட்டின அனல்மின் நிலையம், 500 மெகாவாட் யூனிட் ரெண்டு வச்ச என்.டி.பி.எல்... இன்-பிளான்ட் ட்ரெய்னிங் கும்பல் முக்கால்வாசி இங்கதான் வரும். ரெண்டு மூணு நாள்னா டவுன்லயே தங்கி பஸ்ல போகலாம். ரெண்டு வாரத்துக்கு மேலன்னா இந்தப் பக்கமே நாலு பேர் சேர்ந்து ரூம் தேடுங்க. கம்பெனியில ட்ரெய்னிங் பார்க்குற ஆபீஸ்லயே கேளுங்க, போன வருஷப் பசங்க தங்கின வீடு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ரோட்டுல ராத்திரி பகலா கன்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் ஓடும். பைக்கை வாடகைக்கு எடுத்து 'காத்து வாங்கப் போறோம்'னு இருட்டுல கிளம்பாதீங்க. ஜூன், ஜூலையில கச்சான் காத்து அடிச்சா கண்ணுல மண்ணு வேற. உப்பளத்தைப் பார்க்கணும்னா விடிஞ்சதும் போங்க. நீங்க போறதுக்கு முன்னாலயே வெயிலுக்குப் பயந்து இருட்டுலயே வேலையை ஆரம்பிச்சவங்க அங்க இருப்பாங்க. உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்த இடத்துல தமிழ்நாடு நிக்கிறது, பெரும்பகுதி அவங்க கால் உழைப்புல.

5. தூத்துக்குடியிலயே தங்க வேணாம்!

ஆமா, நிஜமாத்தான். திருச்செந்தூர் கோயில், குலசை தசரா, மணப்பாடு சிலுவைக் கோயில் இதெல்லாம்தான் உங்க பிளான்னா திருச்செந்தூர்லயே தங்குங்க. தூத்துக்குடியில இருந்து அதுவே சுமார் 40 கிலோமீட்டர். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டின குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் திருச்செந்தூர்தான் பக்கம். ஏரோ பசங்க குறிச்சு வச்சுக்கங்க.

மழைக் காலமா? மாடியில கேளுங்க!

நவம்பர், டிசம்பர்ல வர்றவங்களுக்கு இது ஜோக் இல்ல. 2023 டிசம்பர் 17, 18-ல் பெஞ்ச மழையில காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. ஒரு வருஷத்து மழை ஒரு நாள்ல! ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு, ஏறக்குறைய 800 பேர் உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. தூத்துக்குடி நகரத்துலயே பல தெருவுல நாள் கணக்கா தண்ணி வடியல. ஊர் தட்டையான ஊர், கடல் மட்டத்துல இருந்து அதிக உயரமும் இல்ல. மழைத்தண்ணி பக்கிள் ஓடை மாதிரி வடிகால் வழியா கடலுக்குப் போயாகணும்.

அதனால அந்த மாசங்கள்ல தரைத்தளத்து ரூம் வேணாம். "அண்ணாச்சி, 2023 வெள்ளத்துல இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சு?"ன்னு கேளுங்க. எந்த வெப்சைட்லயும் இல்லாத பதில் அவர்கிட்ட இருக்கும்.

சாவி வாங்குறதுக்கு முன்னால...

லாட்ஜ் அண்ணாச்சிகிட்ட இந்த நாலு கேள்வியைக் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.

ஒண்ணு: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி பண்ணணுமா?" ரயில் வர்றது விடியக்காலம், திரும்பிப் போறது ராத்திரி. 12 மணிக் கணக்குன்னா ஒரே நாளுக்கு ரெண்டு நாள் வாடகை வாங்கிருவாங்க.

ரெண்டு: "குளிக்கிற தண்ணி உப்பா?" போர் தண்ணின்னா பல இடத்துல சோப்பு நுரைக்காது. ஊருக்குக் குடிதண்ணி தாமிரபரணியில இருந்து வருது. குடிக்கிறதுக்குத் தனியா வைப்பாங்களான்னு கேளுங்க.

மூணு: "ஜன்னல் எந்தப் பக்கம்?" நான்-ஏ.சி. ரூம்னா கிழக்கு ஜன்னல் சொர்க்கம். மதியத்துக்கு மேல கடல் காத்து உள்ள வரும். மேற்கு ஜன்னல்னா இட்லிப் பானைதான்.

நாலு: "எல்லாருக்கும் ஐ.டி. வேணுமா?" ஒருத்தர் ஆதாரைக் காட்டி நாலு பேர் நுழையுற வேலையெல்லாம் இப்ப செல்லாது. காலேஜ் ஐ.டி., ட்ரெய்னிங் லெட்டர் காப்பி ரெண்டும் கையில இருந்தா பேச்சு சுருக்கமா முடியும்.

கேர்ள்ஸுக்கு ஒரு வார்த்தை. வாடகை நூறு இருநூறு கூடினாலும் மெயின் ரோட்டுல, ராத்திரி பத்து மணிக்கும் கடை திறந்திருக்குற இடமா பாருங்க. சந்துக்குள்ள இருக்குற சீப் ரூம் வேணவே வேணாம். கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துட்டு பணம் கட்டுங்க. ரூம் பிடிக்கலைன்னா "வேற பார்த்துக்கிறோம் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்ட உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அந்த நேரத்துல பக்கத்துல இன்னும் ரெண்டு லாட்ஜ் இருக்கணும் இல்லையா? அதுக்காகவே முதல் நம்பர் ஏரியா பெஸ்ட்.

ஃபைனலா என்ன சொல்றேன்னா...

வேலைக்கு வர்றவங்க வேலைக்குப் பக்கத்துல தங்குங்க. ஊரைப் பார்க்க வர்றவங்க கடலுக்குப் பக்கத்துல தங்குங்க. ரெண்டுக்கும் நடுவுல மாட்டினவங்க, அதாவது பதினஞ்சு நாள் ட்ரெய்னிங்ல தெர்மல் சாம்பலையும் லாரித் தூசியையும் மட்டும் பார்த்துட்டு 'தூத்துக்குடின்னா இவ்வளவுதானா?'ன்னு பெட்டி கட்டுறவங்க, கடைசி ஒரு ராத்திரிக்கு மட்டும் ஸ்டேஷன் பக்கம் மாறிருங்க. அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து பீச் ரோட்டுல நடங்க. மாதா கோயில் மணிச் சத்தம், பழைய துறைமுகத்துல தோணி, கடலுக்குப் போன படகோட சின்னச் சின்ன வெளிச்சம்... இத்தனையும் நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே ஓடிக்கிட்டு இருந்த தூத்துக்குடி. அதைப் பார்க்காம எங்க ஊரைப் பத்தி மார்க் போடாதீங்க, அம்புட்டுத்தேன்!

மக்ரூன் வாங்க மறக்காதீங்க. டப்பா ஜாக்கிரதை, ரயில் மணியாச்சியைத் தாண்டுறதுக்குள்ள காலியாயிரும். வர்ட்டா?